பதினைந்து பேர் ஒரு பக்கம், வண்டு ஒரு பக்கம்

அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. வெளுத்த துணி எதுவாக இருந்தாலும் சரி, பெரிய டாக்டரின் கோட்டாகவே இருந்தாலும் சரி, கை தவறித் தரையில் பட்டுவிட்டால் மறுபடி இயந்திரத்துக்குள்தான் போக வேண்டும். குனிந்து எடுத்து, தூசி தட்டி, யாரும் பார்க்கவில்லை என்று அடுக்கில் சொருகுகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. "தரையில பட்டா தண்ணிக்கு!" என்று சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துவார். அந்தக் கோடியில் ஒரு தலையணை உறை நழுவினால் இந்தக் கோடியில் அவருக்கு மூக்கு வேர்த்துவிடும். இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சூப்பர்வைசருக்கு அங்கே வைத்த பெயர் கஞ்சி. அவர் சட்டைக் காலர் எப்போதும் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். மனுஷன் கெட்டவர் இல்லை, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் அன்றைக்கு வம்பு வந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் உட்கார இடமில்லை, நின்றார்கள். சுவரில் இருந்த டி.வி.யில் தேசியப் போட்டி. பெண்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறுதி ஓட்டம். ஓடப்போகிறவர்களில் ஒருத்தி இவர்கள் வீட்டுப் பெண். பெரிய இஸ்திரி இயந்திரத்தில் விரிப்புகளை விடுகிற இஸ்திரியம்மாவின் மகள். வீட்டில் அவள் பெயர் வண்டு. தவழ ஆரம்பித்த நாளிலிருந்தே ஓரிடத்தில் நில்லாமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்ததால் அப்பன் வைத்த பெயர். அப்பன் கப்பல் வேலையில் பாதி வருஷம் கடலில் கிடப்பார். பெயர் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

துப்பாக்கி வெடித்ததும் அறையே கத்தியது. முதல் இரண்டு சுற்று வண்டு நடுவில் ஓடினாள். இஸ்திரியம்மா சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கடைசிச் சுற்று மணி அடித்ததும் முன்னால் இருந்தவர்கள் ஏதோ பொத்தானை அழுத்தியது போலப் பறந்தார்கள். வண்டு பின்தங்கினாள். ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள். கடைசியில் வண்டுக்குப் பின்னால் யாருமே இல்லை. அறையில் சத்தம் செத்துப்போனது.

டி.வி.யில் ஓட்டப்பந்தயம் பார்ப்பதில் ஒரு மோசடி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி பறக்கும்போது யாரும் பறப்பதாகவே தெரியாது. பின்னால் வருகிறவள் ஏதோ கடைக்குப் போகிறவள் மாதிரித் தெரிவாள். பக்கத்தில் சாதாரண மனுஷன் ஒருத்தனை ஓடவிட்டுக் காட்டினால்தான் உண்மை புரியும். அதை எந்த டி.வி.க்காரன் காட்டுகிறான்?

கஞ்சி பல் குத்திக்கொண்டே சொன்னார்: "என்னம்மா இது, கடைசியா வந்துட்டா? பாக்கறதுக்கு காலையில வாக்கிங் போற மாதிரி இல்ல இருந்துச்சு! நாம எல்லாரும் சேந்து மாத்தி மாத்தி ஓடியிருந்தாக்கூட மெடல் வாங்கியிருப்போம்."

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா வந்த சிரிப்பு. ஆனால் இஸ்திரியம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. தட்டை மேசையில் டங்கென்று வைத்தாள்.

"மாத்தி மாத்தித்தானே சார்? ஓடுங்க! ஆளுக்கு நூறு மீட்டர். பதினஞ்சு பேரு சேந்து ஓடுங்க. எம்பொண்ணு ஒருத்தியா ஓடுவா. பாத்துடலாம் ஒரு கை!"

"அடி சக்கை!" என்றான் வண்டித்தம்பி. அழுக்குத் துணி வண்டிகளைத் தள்ளுகிறவன். சாயங்காலமானால் பந்து விளையாடுகிறவன், காலில் ஸ்பிரிங் வைத்துப் பிறந்தவன். அறை முழுக்க "ஓ!" என்று கிளம்பியது. கஞ்சியால் பின்வாங்க முடியுமா? "ஞாயித்துக்கிழமை காலையில, நம்ம ஆஸ்பத்திரி மைதானத்துல," என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இயந்திரத்துக்குத் திரும்பி வந்து முதல் விரிப்பை விட்டபோதுதான் இஸ்திரியம்மாவுக்குப் புத்தி வந்தது. ஓடப்போகிறவளைக் கேட்கவே இல்லையே! வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

*

வண்டு வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தாள். வந்தவள் முகம் கழுவினாள், நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள், ஆணி வைத்த ஓட்டக் காலணிகளைப் பழைய பேப்பரில் சுற்றி அலமாரியின் உச்சியில் வைத்தாள்.

"என்னடி அது?"

"ஷூ."

"ஷூன்னு தெரியுது. அது எதுக்கு அங்க ஏறி உக்காந்திருக்கு?"

"இனிமே வேணாம்மா. போதும்." நாற்காலியிலிருந்து இறங்காமலே பேசினாள். "இத்தனை வருஷம் ஓடி, கடைசி. ஊரே பாத்துச்சு."

"திங்கக்கிழமை டிரெய்னிங் கேம்ப் ஆரம்பிக்குதேடி! கோச் வேற போன் பண்ணாரு."

"போகல. உங்க லாண்டரில ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னியே, எனக்குக் கேட்டுச் சொல்லு."

சலவை வேலை மட்டம் என்று இஸ்திரியம்மா ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வேலைதான் இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் அந்த வேலைக்கு வருகிறவள் அதை வேண்டும் என்று வர வேண்டும், வேறொன்றிலிருந்து ஓடி ஒளிய வரக் கூடாது. விடிவதற்கு முன் இந்தப் பெண் எழுந்து, குளிரில் கால் சட்டையோடு படியிறங்கிப் போன காலைகளெல்லாம் அவளுக்குத் தெரியும். போகும்போது ஒரு சீட்டி அடிப்பாள். அந்தச் சீட்டி இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

என்ன சொல்வது என்று தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். கஞ்சி சொன்னது, தான் எகிறியது, ஞாயிற்றுக்கிழமை, மைதானம், எல்லாம்.

"யாரைக் கேட்டும்மா பந்தயம் கட்டின?" வண்டு நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"வாய் வந்துடுச்சுடி."

"வாய் வந்துடுச்சா! ஆளுக்கு நூறு மீட்டர்னா என்னன்னு தெரியுமா உனக்கு? உங்க வண்டித்தம்பி மாதிரி ஆளுங்க நூறு மீட்டர்ல என்னைத் தூக்கிச் சாப்ட்டுடுவாங்க. நான் ஓடறது தூரம். அவங்க ஒரே ஒரு தடவை ஓடற வேகத்தை நான் பதினஞ்சு தடவை ஓடணும், நடுவுல நிக்காம!"

"முடியாதா?"

அந்தக் கேள்வியை இஸ்திரியம்மா வேண்டுமென்று கேட்கவில்லை. பயத்தில் கேட்டாள். ஆனால் அது போய்ச் சரியான இடத்தில் குத்தியது. வண்டு மறுபடி நாற்காலியில் ஏறினாள்.

"வாக்கிங் போற மாதிரியா இருந்துச்சாம் அவருக்கு? சரி. ஓடறேன். ஜெயிச்சா கேம்ப்புக்குப் போறேன். தோத்தா திங்கக்கிழமை உன்னோட லாண்டரிக்கு வரேன். அதுக்கப்புறம் என்னை யாரும் எதுவும் கேக்கக் கூடாது. நீயும்தான், அப்பாவும்தான்."

பேப்பர் சுற்றிய பொட்டலம் கீழே வந்தது. வந்ததே போதும் என்று இஸ்திரியம்மா பெருமூச்சு விட்டாள்.

*

சனிக்கிழமை சலவைப் பிரிவில் வேலையா நடந்தது? திருவிழாதான். கஞ்சி சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டு, யார் எங்கே நிற்பது என்று போர்த் தளபதி மாதிரி புள்ளி வைத்தார். தலைகளை எண்ணினார், திரும்ப எண்ணினார். எப்படி எண்ணினாலும் பதினான்குதான் வந்தது.

பதினான்கு பேரும் மெல்லத் திரும்பி இஸ்திரி இயந்திரத்தைப் பார்த்தார்கள்.

"நானா!" என்று அலறினாள் இஸ்திரியம்மா. "எம்பொண்ணுக்கு எதிராவா?"

"பந்தயம் கட்டினதே நீங்கதானே?" என்றார் கஞ்சி. "நீங்க நம்ம ஆளா, அந்தப் பக்கத்து ஆளா? கடைசி நூறு மீட்டர் உங்களுக்கு."

"ஏன் சார் கடைசி? நான் பஸ்ஸைப் பிடிக்கவே ஓடினதில்ல."

"அதுக்குள்ள நாங்க எடுத்துக் கொடுக்கற தூரத்துக்கு நீங்க நடந்தே வரலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு கண்ணடித்தார். "அதோட, பெத்தவளைத் தாண்டிப் போக எந்தப் பொண்ணுக்குக் கால் வரும்?"

பாருங்கள், ஆளுக்குக் கஞ்சி சட்டையில் மட்டும் இல்லை, மூளையிலும் இருந்தது.

பயிற்சி உலர்த்தி அறைக்கும் மடிப்பு மேசைக்கும் நடுவில் நடந்தது. தொடர் ஓட்டத்துக்குக் கோல் வேண்டுமே? சுருட்டிய வெள்ளைத் துண்டு. அதைக் கைமாற்றும் விதம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. சலவைக்காரர்களுக்குத் துணியைக் கண்ணால் பார்த்து, எதிரெதிரே நின்று வாங்கித்தான் பழக்கம். கொடுக்கிறவர் "பிடி" என்பார், வாங்குகிறவர் "ஆச்சு" என்பார், அந்த "ஆச்சு" காதில் விழும் வரை கொடுக்கிறவர் விடமாட்டார். முன்னால் பார்த்துக்கொண்டு பின்னால் கையை நீட்டுங்கள் என்று வண்டித்தம்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். துணி மடிக்கிற மடிப்பு அக்கா மறுத்துவிட்டாள். "முதுகைக் காட்டிக்கிட்டுத் துணி வாங்கறதா? எங்க வேலை பழகின நீ?"

மாலையில் விஷயத்தைக் கேட்ட வண்டு சிரிக்கவில்லை. அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"ஓடு. தாராளமா ஓடு. ஆனா விட்டுக்கொடுத்தேன்னு வச்சுக்கோ, அந்த நிமிஷமே ஷூவைக் கழட்டிக் குப்பையில போட்டுடுவேன். பாவம் பாத்துக் குடுத்த ஜெயிப்பை வச்சுக்கிட்டு நான் எங்கம்மா போய் ஓடறது?"

இஸ்திரியம்மா தலையாட்டினாள். தலையாட்டிய பிறகுதான் தான் மாட்டிக்கொண்டது புரிந்தது. மகள் ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட ஆசைப்படுகிறவர் உலகத்தில் கிடையாது. அந்த மகளைத் தோற்கடிக்க அவளே உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். ஒரு அடி குறைத்து ஓடினாலும் எல்லாம் போச்சு.

*

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தைப் பார்க்க வேண்டுமே! செய்தி வார்டு வார்டாகப் பரவி, நர்சுகள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், நோயாளிகளைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் என்று கூட்டம் சுற்றிலும் நின்றது. கையில் கட்டுப் போட்ட ஒருத்தர் மதில் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார், எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மண்தரையில் சுண்ணாம்புக் கோடு. பதினைந்து பேரும் நாலு இடங்களில் பிரிந்து நின்றார்கள். ஓரத்தில் ஒரு துணி வண்டி நிறையச் சுத்தமான துண்டுகள், வியர்வை துடைக்க.

வண்டு தனியாக நின்று கால்களை உதறிக்கொண்டிருந்தாள். எலும்பும் நரம்புமாக ஒரு சின்ன உருவம். "இந்தப் பொண்ணா?" என்று யாரோ கேட்டார்கள். கோட்டுக்கு அந்தப்புறம் தன் இடத்தில் நின்ற இஸ்திரியம்மா தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள்.

தலைமை நர்சு விசில் ஊதினார்.

வண்டித்தம்பி போனான் பாருங்கள்! புழுதிதான் தெரிந்தது, ஆளைக் காணோம். அவனுக்குப் பின்னால் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். மூன்று பேரும் ஓடி முடித்தபோது வண்டு வெகுதூரம் பின்னால், தன்பாட்டுக்கு, யாரையும் பார்க்காமல் வந்துகொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தது. "அவ்வளவுதானா? கதை முடிஞ்சுதா?" மதில்காரர் கட்டுப்போட்ட கையையே ஆட்டினார்.

நாலாவது ஆள், ஐந்தாவது ஆள், ஆறாவது ஆள். "பிடி!" "ஆச்சு!" "பிடி!" "ஆச்சு!" ஏழாவதாகக் கஞ்சி. விறைத்த சட்டையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆரம்பத்தில் குதிரை மாதிரிதான் ஓடினார். பாதியில் காலர் மடங்கியது. முக்காலில் வாய் திறந்தது. துண்டைக் கொடுத்துவிட்டு, "இன்னும் ஒரு சுத்து ஓடுவேன்" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார், அப்புறம் படுத்தார். அவரைத் தாண்டி வண்டு போனாள். போகும்போது அவள் மூச்சைக் கேட்டவர் அவர்தான். "ஒழுங்கா வருது," என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆச்சரியமாகச் சொன்னார். "இழுக்கவே இல்ல!"

இஸ்திரியம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் புது ஆள், புதுக் கால், புது மூச்சு. ஓடி முடித்தவர்கள் ஒவ்வொருத்தராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். வண்டு மட்டும் முதல் சுற்றில் எப்படி வந்தாளோ அப்படியே இரண்டாவதும், அப்படியே மூன்றாவதும். அந்தத் தூரம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தியது. "இன்னும் அதே மாதிரி வராளே!" என்றார் ஒரு நர்சு.

ஆனால் குறையாத தூரம் தோல்விதானே? இஸ்திரியம்மா மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த இடைவெளியோடு துண்டு தன் கைக்கு வந்தால், தான் தவழ்ந்து போனால்கூடச் சலவைப் பிரிவு ஜெயித்துவிடும். திங்கட்கிழமை இரண்டு பேருமாக வேலைக்குப் போக வேண்டியதுதான். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அது நடந்தது.

பன்னிரண்டாவது ஆள் சலவை வேன் ஓட்டுகிற டிரைவர், பதின்மூன்றாவது மடிப்பு அக்கா. டிரைவருக்குக் கை முழுக்க வியர்வை. "பிடி!" என்றார். "ஆச்சு" வருவதற்குள் துண்டு வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது. மடிப்பு அக்கா குனிந்தாள். விரல் துண்டில் பட்டதோ இல்லையோ, மைதானத்தின் மறுகோடியில் படுத்துக் கிடந்த கஞ்சி, எத்தனையோ வருஷப் பழக்கம், தன்னை மறந்து எழுந்து உட்கார்ந்து கத்தினார்:

"தரையில பட்டா தண்ணிக்கு!"

மடிப்பு அக்கா நெருப்பைத் தொட்டவள் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டாள். திரும்பினாள். துணி வண்டியைப் பார்த்து ஓடினாள்! மேலே இருந்த துண்டை எடுத்தாள், மடிப்புச் சரியில்லை என்று அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள், அதைப் பதவிசாகச் சுருட்டினாள்.

"அய்யோ! அழுக்கையே எடுத்துக்கிட்டு ஓடுங்க!" வண்டித்தம்பி தலையில் அடித்துக்கொண்டான். கஞ்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மதில்காரர் உள்பக்கமாகவே விழப்போனார், யாரோ காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிரிக்காதவள் ஒருத்திதான். வண்டு அந்தச் சிரிப்பைக் கேட்கவே இல்லை. அவள் கேட்டது மணிச்சத்தம், தலைமை நர்சு கடைசிச் சுற்றுக்கு அடித்தது. தலையை லேசாகத் தாழ்த்தினாள். அவ்வளவுதான் செய்தாள். அப்புறம் அவள் கால் தரையில் பட்டதா என்று கேட்டால், பார்த்தவர்கள் இன்றைக்கும் சண்டை போடுவார்கள்.

"வராடி! வரா!" என்று கூட்டம் எழுந்தது. இத்தனை நேரம் சலவைப் பிரிவுக்குக் கை தட்டியவர்களே கட்சி மாறிக் கத்தினார்கள். மடிப்பு அக்கா ஓடி முடித்துப் பாய்லர்க்காரரிடம் கொடுத்தாள். தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தார், வந்தார், வந்துகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் அந்தச் சின்ன உருவம் வளர்ந்துகொண்டே வந்தது.

"பிடி!"

"ஆச்சு!"

இஸ்திரியம்மா ஓடினாள்.

முன்னே பின்னே ஓடியிருந்தால்தானே தெரியும்? நாலு எட்டு வைப்பதற்குள் ரப்பர் காலணி இரண்டும் கல்லாகக் கனத்தது. மூச்சு எங்கேயோ போய்விட்டது. எதிரே சுண்ணாம்புக் கோடு, கிட்டத்தில்தான் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது. மனத்துக்குள் ஒரு குரல் சொன்னது: கொஞ்சம் மெதுவாகப் போ, யாருக்குத் தெரியும், கிழவி களைத்துவிட்டாள் என்று நினைப்பார்கள். புள்ளை கேம்ப்புக்குப் போகட்டும்.

வண்டுக்குத் தெரியுமே! இஸ்திரியம்மா பல்லைக் கடித்தாள். ஏமாற்றிக் கொடுத்தால் அது கொடுத்ததா? எடுத்ததல்லவா! துண்டை இறுக்கிக்கொண்டு, எங்கிருந்தோ இன்னும் கொஞ்சம் பிய்த்து எடுத்து ஓடினாள். தொடை எரிந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. "வாடி, வந்து என்னைப் பிடிடி!" என்று கத்த நினைத்தாள், வாயில் காற்றுதான் வந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

இத்தனை வருஷமாக மகள் ஓடுவதை அவள் பார்த்திருக்கிறாள், டி.வி.யில், தூரத்து இருக்கையிலிருந்து. கேட்டதில்லை. உதறிய விரிப்பு காற்றில் படபடக்குமே, அப்படி மெல்லிய, வேகமான சத்தம், பின்னாலிருந்து, கிட்ட, இன்னும் கிட்ட. இடது தோளில் காற்று பட்டது. ஒரு முழங்கை தெரிந்தது. ஒரு கன்னம். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றவள் என்று கால் தயங்கவில்லை. ஒரு கை நீளம், அவ்வளவுதான், அம்மாவைத் தாண்டிக் கோட்டைக் கடந்தாள்.

இஸ்திரியம்மா அந்தக் கோட்டின் மேலேயே விழுந்தாள்.

மைதானத்தில் என்ன சத்தம்! யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். தலைமை நர்சு விசிலை ஊதிக்கொண்டே குதித்தார். பதினைந்து பேரும் மூலைக்கு மூலை மல்லாந்து கிடந்தார்கள். மடிப்பு அக்கா படுத்தபடியே சொன்னாள்: "எல்லாருமே தரையில பட்டாச்சு. மொத்தமாத் தண்ணிக்குப் போடுங்க!"

கஞ்சி நாலு காலில் ஊர்ந்து வந்தார். காலர் துவண்டு கிடந்தது. அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா வண்டு," என்றார் மூச்சுக்கு நடுவில், "கடைசியா வந்தவளே இப்படின்னா, முதல்ல வந்தவ எப்படிம்மா ஓடுவா?"

முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்ற வண்டு நிமிர்ந்தாள். சிரித்தாள், வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"தெரியாது சார். நான் அவ முதுகைத்தான் பாத்திருக்கேன்."

சொல்லிவிட்டு அம்மா பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள். சிரிப்பு நின்றது. முகம் சுண்டியது. கேட்கவா வேண்டாமா என்று தயங்கி, கேட்டேவிட்டாள்.

"அம்மா, நிஜத்தைச் சொல்லு. விட்டுக்குடுத்தியா?"

இஸ்திரியம்மா வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது, அதுவும் பாதி பாதியாக. இல்லை என்று தலையாட்டக்கூடத் தெம்பில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே அது அடித்த அடியை என்னவென்று சொல்ல! நிறையத் துணி போட்ட இயந்திரம் பிழிகிற நேரத்தில் தரையே அதிர அடித்துக்கொள்ளுமே, அந்த அடி. அப்படி ஒரு நெஞ்சு பொய் சொல்லாது. வண்டுவின் கண் நிறைந்துவிட்டது.

இஸ்திரியம்மா இன்னொரு கையை நீட்டி மகளின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டவள் திடுக்கிட்டாள். அங்கே எல்லாம் அமைதியாக இருந்தது. பதினைந்து பேர் ஓடியதை ஒற்றையாக ஓடிய நெஞ்சு, தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி," என்றாள் இஸ்திரியம்மா, கடைசியில் குரல் வந்து. "உனக்கு அதுக்குள்ள அடங்கிடுச்சா?"

"அடங்கிடுச்சும்மா."

"நாளைக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு. நீ முதல்ல மூச்சு விடு."

அம்மாவின் நெஞ்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரைக்கும் வண்டு கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து, மண்ணைத் தட்டாமல், அப்படியே அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். கஞ்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.